நொண்டும் குட்டிக்கு சேலத்தில் ஒரு டாக்டர்: தொட்டுப் பார்க்கத் தெரிந்தவர்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். நாய்களின் எலும்பு, மூட்டுக் கோளாறுகளுக்கு நம்பி வரலாம் என்று பலரும் கைகாட்டும் இந்த கிளினிக்கின் காத்திருப்பு அறையில் வழவழவென்று மெருகேற்றிய வெள்ளை டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். நொண்டிக்கொண்டு வருகிற நாய்க்கு வாசற்படி தாண்டியதும் நான்கு காலும் நான்கு திசைக்குப் போகிறது. உள்ளே டாக்டரோ, "வீட்டில் வழுக்கும் தரையில் நடக்க விடாதீர்கள்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கதவு சரியாக மூடாததால் அது காத்திருக்கும் எங்கள் எல்லோர் காதிலும் விழுகிறது. பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு கோணிச் சாக்கை விரித்து எங்கள் நாயை அதில் படுக்க வைத்தேன். சாக்கும் நாங்கள் கொண்டுபோனதுதான்.

மற்றபடி, வளர்கிற பெரிய ஜாதிக் குட்டி நொண்டுகிறது என்றால் தயங்காமல் இங்கே போங்கள் என்றே சொல்வேன். மருந்துக்காகச் சொல்லவில்லை, எக்ஸ்ரே மெஷினுக்காகவும் இல்லை. இங்கே நாயைத் தொட்டுப் பார்க்கிறார்கள். இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் நோயாளி நாயோடு ஊர் சுற்றியிராதவர்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. வெள்ளி இருக்கிற இடம், ஆகவே காவலுக்கு எப்போதும் நாய் உண்டு. இதுவரை எல்லாம் நாட்டு நாய்கள். தடுப்பூசி போடுவதைத் தவிர டாக்டர் வாசலை மிதித்ததில்லை. என் கொழுந்தனார்தான் ஆசைப்பட்டு, கையில் இருந்ததைக் கொட்டி, ஜெர்மன் ஷெப்பர்ட் ஆண் குட்டி ஒன்றை வாங்கி வந்தார். சிங்காரம் என்று பெயர் வைத்தவர் என் மாமியார். கழுத்துப் பட்டையில் பட்டறையில் மிஞ்சிய சலங்கைகளைக் கோத்துவிட்டதும் அவரே. ஏழாவது மாதத்தில் சிங்காரம் 28 கிலோ.

அந்தச் சலங்கைச் சத்தம் ஒருநாள் தாளம் தப்பி வந்தது. எட்டிப் பார்த்தால் இடது முன்காலை முழுதாக ஊன்றாமல் வருகிறான். எங்கள் பட்டறையில் யாருக்குப் பாதத்தில் வலி என்றாலும் முதல் சந்தேகம் கம்பித் துண்டு மேல்தான் விழும். கண்ணி கோக்கும் அண்ணன் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாமணத்தோடு உட்கார்ந்து, ஒவ்வொரு விரலிடுக்காகத் தேடினார். ஒரு நெருஞ்சி முள்கூட இல்லை.

அதன் பிறகு ஆளுக்கொரு தீர்ப்பு. எதிர்வீட்டு மாமா, பைக் ஏதாவது இடித்திருக்கும் என்றார். மாமியார் விளக்கெண்ணெயைச் சுடவைத்தார். குட்டியை விற்றவருக்குக் கொழுந்தனார் போன் செய்தார். "இந்த ஜாதிக்கு தினமும் இரண்டு மூடி கால்சியம் ஊற்றாவிட்டால் கால் நிற்காது" என்று அவர் அடித்துச் சொன்னார். எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொன்னவர்களும் உண்டு. கடைசியில் நகருக்குள்ளேயே ஒரு கால்நடை டாக்டரிடம் போனோம். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பார்த்தார். ஒரு ஊசி, ஒரு கால்சியம் சிரப், "வளரும் குட்டிதானே, சரியாகிவிடும்." மொத்தம் 850 ரூபாய். மறுநாள் சிங்காரம் குதிரைப் பாய்ச்சலில் ஓடினான். ஊசியின் வேகம் அடங்கியதும் மறுபடி நொண்டினான். ஆனால் இந்த முறை வலது பின்கால்.

இந்த கிளினிக்கின் விலாசத்தைக் கொடுத்தவர் எங்களுக்குத் தீவனம் கொண்டுவந்து போடும் கடைக்காரர். அஸ்தம்பட்டிப் பக்கம். பெயர்ப்பலகை ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கிறது. கார் நிறுத்த இடம் கிடையாது. டோக்கனைப் போனிலேயே சொல்லி வைக்கலாம் என்றாலும், சொன்ன நேரத்தில் கூப்பிடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். ஒவ்வொரு நாய்க்கும் டாக்டர் எடுத்துக்கொள்ளும் நேரம் அப்படி. தெருமுனையில் தட்டுவடை செட் போடும் தள்ளுவண்டி ஒன்று இருக்கிறது. காரச் சட்னி நன்றாக உறைக்கும். பீட்ரூட்டும் கேரட்டும் தாராளமாகவே வைக்கிறார். காத்திருப்பின் கசப்பில் பாதியை அது போக்கிவிடும்.

காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தவர் ஏற்காட்டிலிருந்து வந்திருந்தார். நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப் பார்ப்பவர். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ராட்வீலரை மடியில் வைத்துக்கொண்டே இறங்கியிருக்கிறார், சட்டையெல்லாம் எச்சில். "உங்கள் நாய் நொண்டவில்லையே" என்றேன். "அதுதான் அக்கா பிரச்சினை. இரண்டு முன்காலும் ஒரே மாதிரி வலித்தால் எந்தக் காலைத் தூக்கும்?" என்றார். சரிதான். இரண்டு பக்கமும் வலி இருந்தால் நொண்டல் கண்ணுக்குத் தெரியாதாம். அடி சின்னச் சின்னதாக வைக்கும், கொஞ்ச தூரம் நடந்ததும் உட்கார்ந்துகொள்ளும், பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நிற்கும். இவர்கள் அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தார்கள். முழங்கை மூட்டின் உள்பக்கத்து எலும்பு நுனி உடைந்திருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். உறுதியானால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சேலத்திலிருந்து 50 கிலோமீட்டர்தான் என்றாலும் மலையிலிருந்து வருபவருக்கு அது இன்னொரு பயணம். மனிதர் முகத்தில் அலுப்பு இல்லை. நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

எங்கள் முறை வந்தது. டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். நாற்காலியில் உட்காரவே இல்லை. கேள்விகளில் தொடங்கினார். தூங்கி எழுந்ததும் அதிகமா, ஓடி முடித்த பிறகா? காய்ச்சல் உண்டா? சாப்பாடு குறைந்ததா? உண்ணி பிடித்ததா? மாடிப்படியிலிருந்து, மொட்டைமாடிச் சுவரிலிருந்து குதித்தானா? என்ன தீவனம், அதற்கு மேல் என்னென்ன? எந்தக் கால் என்றதும் கொழுந்தனார் "இடது முன்கால்" என்றார். "இப்போது வலது பின்கால்" என்றேன் நான். எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார்.

"கால் மாறி மாறி வருகிறதா அம்மா?"

பதிலுக்குக் காத்திராமல் எங்களைத் தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனார். உள்ளே டைல்ஸில் எந்த நாயும் ஒழுங்காக நடக்காது என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது! கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, வேப்பமரம் வரை நடக்கச் சொன்னார், பிறகு மெல்ல ஓடச் சொன்னார். அவர் குந்தி உட்கார்ந்து சிங்காரத்தின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலிக்கிற முன்கால் தரையில் படும்போது நாய் தலையை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். பாரத்தை வலிக்கிற காலிலிருந்து எடுக்கிற தந்திரம் அது. பின்காலில் கோளாறு என்றால் இடுப்பின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க வேண்டும். நாங்கள் இத்தனை நாளும் காலையே முறைத்துக்கொண்டிருந்தோம். வீட்டிலேயே இதைப் போனில் வீடியோ எடுத்து வந்தால் பெரிய உதவி என்றார். டாக்டர் முன்னால் பயத்தில் நொண்டலை மறைத்துவிடும் நாய்கள் நிறையவாம்.

உள்ளே வந்ததும் தரையில் ரப்பர் விரிப்பைப் போட்டு, தானும் அதில் உட்கார்ந்தார். வலியில்லாத காலிலிருந்து ஆரம்பித்தார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார், நகக் கண்ணைப் பார்த்தார், பாதத்தின் மெத்தையை அழுத்தினார். வெயில் காலத்தில் தார்ச்சாலையில் நடந்து அந்த மெத்தை வெந்துபோய் வரும் நாய்களே சேலத்தில் ஏராளம் என்று சொல்லிக்கொண்டே மணிக்கட்டை மடக்கினார். முழங்கையை நீட்டினார், மடக்கினார், உள்பக்கம் அழுத்தினார். தோளை முன்னால் இழுத்துப் பார்த்தார். சிங்காரம் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, என்னவோ ராஜ உபசாரம் நடக்கிறது என்கிற தோரணையில் நின்றான்.

அடுத்து இடது முன்கால். மூட்டுகளை எல்லாம் முடித்துவிட்டு, தசையை ஒரு பக்கமாக ஒதுக்கி, எலும்பின் தண்டை நேரடியாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். முழங்கைக்குச் சற்றுக் கீழே ஓர் இடத்தில் விரல் நின்றது. சிங்காரம் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். காது இரண்டும் பின்னால் படிந்தன. தலையைத் திருப்பி, டாக்டரின் கையை மூக்கால் தள்ளினான். கடிக்கவில்லை, முனகவும் இல்லை. டாக்டர் உடனே கையை எடுத்தார். அரை அங்குலம் தள்ளி அழுத்தினார். ஒன்றுமில்லை, நாக்கு மறுபடி வெளியே வந்தது. திரும்பவும் பழைய இடம். திரும்பவும் வாய் மூடியது. வலது பின்காலின் தொடை எலும்பிலும் அதே கதை. மூட்டில் வலி இல்லை, எலும்பின் நடுவில் வலி. "நாய் வாயை மூடுவதைப் பார்த்தீர்களா? கத்தும் என்று காத்திருந்தால் பாதி நோய் தெரியாமலே போய்விடும்" என்றார். 400 ரூபாய் கட்டணத்தை நான் இந்த ஒரு நிமிடத்துக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகுதான் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்தார். வரைந்தது ஆடா நாயா என்பது வேறு விஷயம். அதன் கால்களில் குறி வைத்துக்கொண்டே, வளரும் பெரிய நாய் நொண்டுவதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம், அதில் எதெதை அவர் இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார், எது மிச்சம் என்று சொன்னார். எனக்கு விளங்கிய வரை எழுதுகிறேன்.

குட்டியின் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. மூட்டைக் கட்டியிருக்கும் தசைநாரைவிட அது பலவீனமானது. வளர்ந்த நாய்க்குச் சுளுக்கோடு போகிற ஒரு விழுதல், குட்டிக்கு அந்தத் தட்டையே உடைத்துவிடலாம். முன்காலில் இரண்டு எலும்புகள் பக்கத்தில் பக்கத்தில் வளர்கின்றன அல்லவா, ஒன்றின் தட்டு அடிபட்டு வளர்ச்சி நின்று, மற்றது மட்டும் வளர்ந்தால் கால் வளைந்துவிடும். அதனால் விழுந்தான், குதித்தான் என்ற பிறகு திடீரென்று நொண்டினால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சிங்காரம் விழவில்லை, காலில் வீக்கமும் இல்லை. அதை அடித்தார்.

மணிக்கட்டுக்கு மேலே இரண்டு கால்களிலும் வீங்கி, தொட்டால் சுட்டு, காய்ச்சலோடு நாய் எழுந்திருக்கவே மறுத்தால் அது ஹைப்பர்ட்ரோபிக் ஆஸ்டியோடிஸ்ட்ரோபி என்ற வேறு நோய். கிரேட் டேன் மாதிரியான மிகப் பெரிய ஜாதிகளில், பெரும்பாலும் 2 முதல் 6 மாதத்துக்குள் வரும். அதற்கு அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். சிங்காரத்தின் காய்ச்சலைப் பார்த்தார்: 101.8. நமக்குத்தான் அது காய்ச்சல், நாய்க்கு இயல்பு. அதையும் அடித்தார்.

ஜெர்மன் ஷெப்பர்டில் அவர் முக்கியமாகப் பயந்தது முழங்கையைத்தான். அங்கே பின்பக்கம் உள்ள ஒரு எலும்பு நுனி சுமார் 5 மாதத்துக்குள் தன் எலும்போடு ஒட்டிவிட வேண்டும். இந்த ஜாதியில் சில குட்டிகளுக்கு ஒட்டாமலே தனித்து நின்றுவிடும். லாப்ரடார், ராட்வீலருக்கு உள்பக்க நுனி, அந்த எஸ்டேட்காரரின் நாய்க்குச் சந்தேகப்பட்டது. இரண்டையும் விட்டுவைத்தால் மூட்டு தேய்ந்து வாதம் சிறு வயதிலேயே பிடித்துக்கொள்ளும். தோளில் வேறு ஒன்று: குருத்தெலும்பு ஓர் இடத்தில் அளவுக்கு மீறித் தடித்து, அடியில் எலும்பாக மாறாமல், ஏடாகக் கிளம்பி மூட்டுக்குள் தொங்கும். ஆண் குட்டிகளுக்கு அதிகம். தோளை நீட்டும்போது சிங்காரம் சும்மா நின்றதால் அதற்கு வாய்ப்புக் குறைவு.

பின்காலுக்கு வந்தால் இடுப்பு மூட்டு. ஹிப் டிஸ்பிளேசியா என்ற பெயரை இந்த ஜாதி நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பந்து கிண்ணத்தில் சரியாக உட்காராது. எழுந்திருக்கச் சிரமப்படும், படி ஏறத் தயங்கும், ஓடும்போது இரண்டு பின்கால்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தாவும். தாய் தகப்பன் வழியாக வருவது; எடை கூடினால் மோசமாகும். குட்டி வாங்கும்போது பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்றார். விற்றவரிடம் பரம்பரைச் சான்றிதழ் என்று ஒரு வண்ணக் காகிதம் இருந்தது. எக்ஸ்ரே என்ற சொல்லே அதில் இல்லை. முழங்காலில் குறுக்குத் தசைநார் அறுவது, சில்லு இடம் நகர்வது ஆகியவற்றைக் கையாலேயே ஆட்டிப் பார்த்துத் தள்ளிவிட்டார்.

உண்ணிக் காய்ச்சலை நான் நினைத்தே பார்க்கவில்லை. உண்ணி கடித்து ரத்தத்தில் கிருமி ஏறினால் மூட்டுகள் வீங்கி, இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று நொண்டல் வரலாம். கால் மாறுகிறது என்றதும் அவர் ஈறின் நிறத்தையும் கழுத்து நெறிக்கட்டுகளையும் பார்த்தது அதற்காகத்தான். ரத்தப் பரிசோதனையும் எழுதினார். காத்திருப்பு அறையில் இதைச் சொன்னபோது எஸ்டேட்காரர் தலையாட்டினார். அவர்கள் தோட்டத்தில் போன வருடம் ஒரு லாப்ரடாருக்கு அதுவேதானாம், சுளுக்கு என்று பற்றுப் போட்டே நாளைக் கடத்தியிருக்கிறார்கள்.

எல்லாம் போக மிச்சம் இருந்தது பேனாஸ்டியைட்டிஸ். நீண்ட எலும்புகளின் உள்ளே வரும் அழற்சி. பெரும்பாலும் 5 முதல் 18 மாதம் வரை. ஜெர்மன் ஷெப்பர்டுக்கும், அதில் ஆண் குட்டிகளுக்கும் அதிகம். ஒரு காலில் சில வாரம் இருக்கும், தானாகப் போகும், இன்னொரு காலில் முளைக்கும். வளர்ச்சி முடிந்தால் அதுவும் முடியும், பின்விளைவு வைக்காது. ஏன் வருகிறது என்று யாரும் அறுதியிட்டுச் சொன்னதில்லை.

இங்கேதான் இந்த டாக்டர் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார். முந்தைய டாக்டர் சொன்ன "வளரும் குட்டிதானே" என்பதும் கடைசியில் கிட்டத்தட்ட இதே பதில்தான். ஆனால் இவர், "மூட்டுகள் நன்றாக இருப்பதைப் படத்தில் பார்க்காமல் நான் இந்தப் பெயரை எழுதமாட்டேன். இதே நாய்க்கு இதுவும் இருக்கலாம், முழங்கைக் கோளாறும் சேர்ந்தே இருக்கலாம்" என்றார். தற்செயலாகச் சரியாக இருப்பதற்கும், தேடிப் பார்த்துச் சரியாக இருப்பதற்கும் உள்ள தூரத்துக்குத்தான் கூடுதல் பணம்.

எக்ஸ்ரே அதே கட்டடத்தில், பின்னறையில். இரண்டு முழங்கைகளையும் எடுத்தார்கள். நல்ல பக்கத்தை எடுத்தால்தான் ஒப்பிட முடியும். முழங்கையை முழுக்க மடக்கிப் பிடித்து ஒரு படம், அந்த ஒட்டாத நுனி இருந்தால் அதில்தான் தெரியும். தொடை எலும்புக்கு ஒரு படம். கணினித் திரையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எலும்புத் தண்டின் உள்ளே மஜ்ஜை இருக்கும் இடம் கருமையாகத் தெரிய வேண்டும். வலது முன்காலில் அப்படியே இருந்தது. இடதில், முழங்கைக்குக் கீழே, ரத்தக்குழாய் எலும்புக்குள் நுழையும் துளைக்குப் பக்கத்தில், சாம்பல் பூத்தது போன்ற ஒரு திட்டு. கட்டைவிரல் நின்ற அதே இடம். தொடையில் அவ்வளவு தெளிவாக இல்லை. வலி தொடங்கிய புதிதில் படத்தில் ஒன்றும் தெரியாமலும் போகலாம் என்றார். முழங்கை மூட்டுகள் இரண்டும் சுத்தமாக இருந்தன. இடுப்பை இப்போது முழுதாக எடுக்கவில்லை. அதற்கு மயக்க மருந்து கொடுத்து மல்லாக்கப் படுக்க வைத்து, பின்கால்களை நேராக இழுத்துப் பிடித்து எடுக்க வேண்டும். ஒரு வயது தாண்டட்டும் என்றார். அமெரிக்காவில் ஓ.எஃப்.ஏ. என்ற அமைப்பு இடுப்புக்கு இறுதிச் சான்று கொடுப்பதே 2 வயதுக்குப் பிறகு எடுத்த படத்துக்குத்தானாம்.

மருந்து விஷயத்தில் ஒரு சிறு நாடகம். வலிக்கு மெலாக்சிகாம் எழுதப் போனவர், முன்பு போட்ட ஊசி என்ன என்று கேட்டார். பழைய சீட்டை எடுத்துக் கொடுத்தோம். அதில் "ஊசி – 1" என்று மட்டும் இருந்தது. அது ஸ்டீராய்டாக இருந்தால், இந்த வலி மாத்திரையை அதன்மேல் ஏற்றக் கூடாது. வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும். ஆகவே இடைவெளி விட்டுத் தொடங்கச் சொன்னார். நாய்க்கு எந்த ஊசி போட்டாலும் பெயரை எழுதி வாங்குங்கள். இதற்காகவே தனியாக ஒரு வரி எழுதத் தோன்றுகிறது. மாத்திரை எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகு. வாந்தி வந்தாலோ மலம் கருத்தாலோ உடனே நிறுத்திவிட்டுப் போன் செய்ய வேண்டும். வீட்டில் இருக்கும் புரூஃபன், டைக்ளோஃபினாக், பாராசிட்டமால் எதையும் "குழந்தைக்குக் கொடுப்பதுதானே" என்று கொடுக்கக் கூடாது. நாய்க்கு அவை ஈரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் பதம் பார்க்கும்.

கொழுந்தனார் கடைசியாகத் தயங்கித் தயங்கி கால்சியம் சிரப்பை வெளியே எடுத்தார். அது திறக்கப்படாமலே இருந்தது, நான்தான் திறக்க விடவில்லை. தீவன மூட்டையிலேயே கால்சியம் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும்போது மேலே ஊற்றுவானேன்? வெள்ளியில் செம்பு சேர்க்கும்போது, நல்லதுதானே என்று ஒரு பிடி கூடப் போடுவோமா? டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசை ஓரமாக வைத்தார். சின்னக் குட்டிகளின் குடலுக்கு, தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை வேண்டாம் என்று தள்ளத் தெரியாது. சுமார் 6 மாதம் வரை கொடுத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். பெரிய ஜாதிகளில் அப்படி ஏறும் கால்சியம் குருத்தெலும்பு எலும்பாகும் வேலையையே கெடுத்துவிடும். எந்த மூட்டுக் கோளாறுக்குப் பயந்து ஊற்றுகிறோமோ அதைத்தான் விலை கொடுத்து வாங்குகிறோம். மறுபக்கமும் உண்டு: வெறும் கறியும் சோறும் மட்டும் போட்டு வளர்த்தால் கால்சியம் பற்றாமல் எலும்பு மெலிந்து, சும்மா ஓடும்போதே முறியலாம். சரியான தீவனம் தின்கிற குட்டிக்கு மேலே எதுவும் வேண்டாம், வீட்டுச் சாப்பாடு என்றால் தன்னிடம் கணக்குக் கேட்டுப் போடுங்கள் என்றார். கொழுந்தனார் விற்றவரின் பெயரைச் சொல்லி ஏதோ ஆரம்பித்தார். "அவர் குட்டியை விற்பவர். நான் அந்தக் குட்டியைப் பிறகு பார்ப்பவன்" என்றார் டாக்டர்.

பில்: பார்வைக் கட்டணம் 400, எக்ஸ்ரே படம் ஒன்றுக்கு 600, ரத்தப் பரிசோதனை 700. மருந்தோடு நான்காயிரத்தை ஒட்டி வந்தது. கேட்டால்தான் ரசீது தருகிறார்கள். படங்களை மட்டும் கேட்காமலே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். முன்மேசையில் இருக்கும் பெண் சிரித்துப் பேசினால் காசா பணமா என்று தோன்றுமளவுக்குக் கடுகடுப்பு. பூனைகளையும் நாய்களையும் ஒரே அறையில் உட்கார வைப்பதை மாற்றிக்கொள்ளலாம். ஒரு வெள்ளைப் பூனை கூடைக்குள்ளிருந்து சிங்காரத்தைப் பார்த்துச் சீறியதில் அவன் நொண்டுவதையே மறந்து என் பின்னால் ஒளிந்தான். காவல் நாயாம்!

ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் கிருமி இல்லை என்று வந்தது. வீட்டில் அவர் சொன்னபடி ஓட்டத்தை நிறுத்தி, கயிற்றோடு சிறு நடை மட்டும் வைத்தோம். மொட்டைமாடிப் படிக்குக் குறுக்கே பலகை. கூடத்துத் தரையில் பட்டறையிலிருந்து எடுத்து வந்த பழைய ரப்பர் விரிப்புகள். தீவனத்தையும் கொஞ்சம் குறைத்தோம். விலா எலும்பைத் தடவினால் கைக்குத் தெரிய வேண்டும் என்பது அளவு. மாமியாருக்கு இதில்தான் மனத்தாங்கல். குட்டி கொழுகொழுவென்று இருந்தால் அவருக்கு அழகு.

தொடை வலி போனது. சில வாரம் கழித்து, டாக்டர் எச்சரித்தபடியே, இடது பின்காலில் மறுபடி வந்தது, முன்பைவிட லேசாக. இந்த முறை போனில் வீடியோ அனுப்பினோம். "தலையும் இடுப்பும் பரவாயில்லை, சாப்பிடுகிறானா, காய்ச்சல் இல்லையே? அப்படியானால் கூட்டி வர வேண்டாம், இரண்டு நாளில் குறையாவிட்டால் வாருங்கள்" என்று பதில் வந்தது. வரவேண்டாம் என்று சொல்கிற டாக்டரை நான் எழுதிவைக்காமல் விடக்கூடாது. அதற்குக் கட்டணமும் வாங்கவில்லை. இப்போது சலங்கை ஒழுங்காகத்தான் ஒலிக்கிறது. இன்னும் 18 மாதம் நிறையவில்லை, வந்தால் வரட்டும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். தரையில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டதாக யாராவது எழுதினால் மிச்சத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

போகிறவர்களுக்கு: எக்ஸ்ரே எடுப்பவர் மாலையில்தான் வருகிறார், ஞாயிறு கிடையாது. மயக்க மருந்து தேவைப்படலாம் என்று நினைத்தால் காலை உணவு கொடுக்காமல் கூட்டிப்போவதா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தீவன மூட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்பார். நடை வீடியோ, பழைய சீட்டுகள், தடுப்பூசிப் புத்தகம் ஆகியவற்றோடு ஒரு கோணிச் சாக்கும் எடுத்துப் போங்கள்.